போடு, கேள், எடு

என் கடையில் ஒரு சொல்லை நான் இப்போது வாயில் எடுப்பதில்லை. பாருங்கள், எழுதத் தொடங்கும்போதே அது வந்து நுழைந்துவிட்டது. 'எடு' என்பதுதான் அந்தச் சொல். போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறவளுக்கு இது லேசான விரதமல்ல. செங்கலடிச் சந்தியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பதினெட்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் "அக்கா, இதுல ரெண்டு எடுங்க" என்றுதான் தாளை நீட்டுவார்கள். நான் "எத்தனை அடிக்க?" என்று திருப்பிக் கேட்பேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள், அக்காவுக்குக் கொஞ்சம் கழண்டுவிட்டது என்று வெளியே போய்ச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் என் கடைக்கு வரத் தொடங்கியது கொப்பிக்காகத்தான். ஒவ்வொரு ஆணைக்குழுவும் ஒவ்வொரு அலுவலகமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும். முறைப்பாட்டின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், பிள்ளையின் படம். சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு தாளைத் தேட முழுப் பையையும் என் மேசையில் கொட்டுவார்கள். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் எனக்கு அவர்கள் மேல் இரக்கத்தை விட எரிச்சல்தான் கூட. எங்கள் வீட்டில் யாரையும் யாரும் கொண்டுபோகவில்லை. இந்தப் பக்கத்தில் அது சொல்லக் கூச்சமான ஒரு அதிர்ஷ்டம். அந்தக் கூச்சத்தையும் எரிச்சலாகத்தான் காட்டியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரே படத்தை வருடக்கணக்காக அடித்துக் கொடுத்தால் ஒன்று தெரியவரும். மூலப்படம் எங்கோ ஒரு அலுவலகத்தில் தொலைந்திருக்கும். கையில் இருப்பதே கொப்பி. கொப்பிக்குக் கொப்பி அடித்தால் முகம் கறுக்கும். நான்காம் ஐந்தாம் தடவையில் கண்ணும் மூக்கும் இருந்த இடத்தில் மை மட்டும் இருக்கும். ஒரு தாய் அப்படியொரு தாளைப் பார்த்துவிட்டு, "இது என்ட புள்ள இல்ல" என்று என்னிடமே திருப்பித் தந்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரு புத்தி பிடித்துக்கொண்டது. எது கிடைத்தாலும், நல்லதாக இருக்கும்போதே, இன்னொரு கொப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புத்திதான் பின்னால் குடியைக் கெடுத்தது.

எழுதிக் கொடுத்து அலுத்துப்போன தாய்மார் ஒரு கட்டத்தில் போனில் பேசிப் பதியத் தொடங்கினார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் போனைப் பிடிப்பார். பிள்ளையைக் கொண்டுபோனது யார், எந்த வாகனம், எந்த முகாம் வாசலில் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பியது. எழுத்தில் ஏழு வரிக்குள் சுருங்குகிற கதை குரலில் ஒரு மணித்தியாலம் ஓடியது. அது வெளியே தெரிய அதிக நாள் ஆகவில்லை. ஒரு ஊர்வலம் முடிந்து திரும்பும்போது, சிவில் உடுப்பில் நின்றவர்கள் இரண்டு பேரின் போன்களை வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாக வாங்கிய போன்போல உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. "உங்கட பாதுகாப்புக்குத்தான் அம்மா" என்றார்களாம். அதைக் கேட்டபோது நான் கடைக்குள் நின்று சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு ஏணியில் நின்றவர் ஒரு நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஓட்டமாவடிக்காரர். பன்னிரண்டு வருடம் கட்டாரில் ஹோட்டல்களுக்கு வைஃபை பூட்டிவிட்டு வந்து, ஊரில் டிஷ் அன்டெனாவும் கமராவும் பூட்டித் திரிந்தார். அன்று என் கடை வயரைத் திருத்த வந்திருந்தார். இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இன்டர்நெட்டுல போட்டாலும் பிரயோசனமில்ல தங்கச்சி. அது ஒரு ஆள்ட பேருல இரிக்கும். அந்த ஆளக் கூப்பிட்டு பாஸ்வேர்டச் செல்லு எண்டா செல்லத்தானே வேணும்? நான் ஒரு வேல செஞ்சி தாறன்."

அவர் ஏன் இதில் தலையைக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வாப்பாவும் ஒரு காலத்தில் வயலுக்குப் போய்த் திரும்பாதவர். கொண்டுபோனது எங்கள் தமிழ்ப் பக்கத்து ஆட்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

அவர் செய்து தந்தது ஆறு பெட்டிகள். ஹோட்டல்களில் கழித்துவிட்ட பழைய ரவுட்டர்கள். மேலே இரண்டு கொம்பு, பின்னால் ஒரு பென் ட்ரைவ். இன்டர்நெட்டோடு அவற்றுக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஒரு பெட்டி தனக்குக் கண்ணுக்கு நேரே தெரிகிற அடுத்த பெட்டியோடு மட்டும் பேசும். அது அதற்கடுத்ததோடு. ஒரு வீட்டில் போட்ட குரல் கொஞ்ச நேரத்தில் ஆறு வீட்டிலும் இருக்கும். என் கடையின் தண்ணீர்த் தாங்கியில் ஒன்று. வாவியின் இந்தக் கரையில் ஒரு வீட்டுக் கூரைக்குள் ஒன்று. தண்ணீரைத் தாண்டிப் படுவான்கரையில் மூன்று. கடைசிப் பெட்டி கரடியனாற்றில், வயலோரத்து வீடொன்றில். வாவிக்கு மேலே மரமில்லை, மதிலில்லை. "அலைக்குத் தண்ணிதான் நல்ல ரோட்டு" என்று நானா சந்தோஷப்பட்டார்.

"இதுக்குத் தலையும் இல்ல வாலும் இல்ல" என்று தாய்மாருக்கு விளக்கினார். "ஒரு பெட்டியத் தூக்கிட்டுப் போனாங்களெண்டா மிச்சம் அஞ்சுலயும் எல்லாம் இரிக்கும். அஞ்சத் தூக்கினாலும் ஒண்டுல இரிக்கும்."

தாய்மாருக்கு அது உடனே விளங்கியது. படித்த எனக்குத்தான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் ஒரு பக்கம் திறக்கும். அதில் மூன்று பொத்தான்கள். நானா ஆங்கிலத்தில் வைத்திருந்ததைத் தமிழில் மாற்றிக் கொடுத்தது நான். கடையில் ஒரு பின்னேரம் எல்லாரும் கூடியிருக்க, மேசையில் இருந்து அடித்தேன். முதலாவது 'போடு'. இரண்டாவது 'கேள்'. மூன்றாவதுக்கு 'அழி' என்று அடித்தேன். வெறும் இரைச்சலும், சட்டைப்பைக்குள் தானாக ஓடிய பதிவும், கோழி கூவியதும் சேர்ந்து இடத்தை நிரப்பிவிடும் என்பதால் அப்படியொரு பொத்தான் தேவைப்பட்டது.

படுவான்கரையில் இருந்து வந்த ஒரு அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கதை அவருடையதுதான். ஒரே மகனைப் பத்தொன்பது வயதில் வீட்டு வாசலில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

"அழி எண்டு போடாதீங்க புள்ள" என்றார். "புள்ளையள்ட கதைக்குக் கீழ அந்தச் சொல்லு கிடக்கப்படா. எனக்கெண்டா அதுல விரல் வைக்க ஏலா."

மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

"பின்ன என்னண்டு போடுற?"

"எடு எண்டு போடுங்க. தேவையில்லாதத எடுக்கிறதானே."

நானும் சிரித்துக்கொண்டு மாற்றிவிட்டேன். அதன் பிறகு அந்த மூன்றாவது பொத்தானை நான் தொட்டதில்லை. ஆறு மாதத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

அக்காவின் பெட்டி கோழிக்கூட்டின் மேல்தட்டில் இருந்தது. அதில் அவர் மாதக்கணக்காக ஒன்றும் போடவில்லை. போட ஒன்றும் இருக்கவில்லை. மகனை வான் வண்டியில் ஏற்றியதை அவர் பார்க்கவில்லை, கோவிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வேலிக் கடப்படி வாசலில் மகனின் ஒற்றைச் செருப்புக் கிடந்தது. அதைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆணைக்குழுவுக்கு எழுதியதிலும் இல்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டுவிடுவார்கள் என்று பயம்.

அப்படி இருக்கும்போதுதான் வாவியில் இறாலுக்கு வலை வீசுகிற ஒரு மனிதர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு நெஞ்சில் நோய். வைத்தியசாலையில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்ததை அன்று சொன்னார். அக்கா போனைப் பாய் மேல் வைத்துப் பதிந்துகொண்டார்.

பதினான்கு நிமிடம். பாதி இருமல். அன்று காலை துறையடியில் ஒரு வான் வந்து நின்றது. உள்ளே பொடியன் இருந்தான். ஒரு காலில் செருப்பு இருக்கவில்லை. இவரைக் கண்டதும், "மாமா, அம்மாட்டச் சொல்லுங்க" என்றான். ஒருவன் அவன் தலையைக் கீழே அமுக்கினான். முன் ஆசனத்தில் இருந்து கட்டளையிட்டவனை இவருக்குத் தெரியும். மீன் வாங்க வருகிறவன். அந்த ஆளின் பெயர், பதவி, அப்போது எங்கே இருந்தான், எல்லாவற்றையும் சொன்னார்.

ஒற்றைச் செருப்பு. அக்காவைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம். எத்தனையோ கட்டுக்கதைகளும் சாத்திரக்காரரும் வந்து போன வீட்டில், பொய் சொல்ல முடியாத ஒரு சாட்சி அன்றைக்குத்தான் கிடைத்தது.

பெட்டியில் போட்டு, போனில் இருந்ததைத் துடைத்துவிட்டு, அக்கா என் கடைக்கு வந்து கேட்கச் செய்தார். நான் கேட்டேன். பெயர் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் எழுந்து போய் மிஷினை ஓடவிட்டேன். எனக்குத் தெரியாததை என்னிடம் இருந்து யாரும் அடித்தும் வாங்க முடியாது. நானா இன்னும் மோசம். ஒரு வரிகூடக் கேட்க மாட்டேன் என்றார். தனியாகக் கேட்கும்போது அக்கா எப்போதும் 'அம்மாட்டச் சொல்லுங்க' என்ற இடத்தோடு நிறுத்திவிடுவார். பிறகு முதலில் இருந்து கேட்பார். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. மிச்சம் பெட்டியில் இருக்கிறதுதானே என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

ஒன்பதாம் நாள் அந்த மனிதர் செத்துப்போனார். சாவு வீட்டுக்கு நானும் போனேன். சிவில் உடுப்பில் இரண்டு பேர் பந்தலுக்குள் வந்து, ஊர்க்காரர் மாதிரியே, நல்ல தமிழில், "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டார்கள். பிரேதத்தைத்தான் கேட்டார்கள். ஆனால் போகும்போது, கடைசி நாட்களில் அவரைப் பார்க்க யார் யார் வந்தது என்றும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குள் கொப்பிக் கடைப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. ஆறு பெட்டியில் இருக்கிறது, சரி. ஆறையும் தூக்கினால்? ஒரு மெமரி சிப் வாங்கி அக்காவிடம் கொடுத்து, "இறால் அண்ணன்ட கதைய ஒருக்கா இதுல எடுத்து வையுங்க" என்று சொல்லி, எப்படி என்று போனில் காட்டியும் கொடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுச் சிப்பை முந்தானையில் முடிந்துகொண்டார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு நாள், மத்தியானம் முழுக்க இடி. மழை விட்ட நேரம் ஒரு தாய் கடைக்குள் ஓடிவந்தார். சந்தியில் சிவில் உடுப்புக்காரர் நின்று, படுவான்கரைக்குப் போகும் துறைக்கு வழி கேட்கிறார்களாம். அக்காவின் ஊரையும் கேட்டார்களாம். இன்று இருட்டுப்படப் போகிறது, நாளைக் காலையில் போவார்கள். நான் உடனே அக்காவுக்குப் போனில் குரல் செய்தி அனுப்பினேன். போனில் பெட்டி, சிப் என்று எதையும் சொல்வதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. வருகிறவர்களுக்கு 'மழை' என்று பெயர். அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"அக்கா, நாளைக்கு மழை வரும்போல. அண்ணன்ட கதைய எடுத்துட்டீங்களா? இல்லாட்டி சுறுக்கா எடுத்துடுங்க."

கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது. "எடுத்தாச்சு புள்ள."

அன்று நான் கடையைப் பூட்டும்போது பாட்டு முணுமுணுத்ததாக நினைவு.

மறுநாள் பதினொரு மணி போல அக்கா பாதையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, கடைக்கு வந்து சேர்ந்தார். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரைப்படுத்துகிற மிதவை. வந்தவரின் முகத்தில் சிரிப்பு. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வந்தாங்க புள்ள. பானையெல்லாம் கொட்டிப் பாத்தாங்க. கோழிக்கூட்டுக்குள்ள கையக்கூடப் போடல்ல. போனக் கொண்டு போயிட்டாங்க, போகட்டும். அதுல அம்மன் பாட்டுத்தானே இரிக்கு."

"சிப் எங்க அக்கா?"

"இந்தா." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். நான் கொடுத்த கடதாசி உறை, பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"அப்ப என்னத்த எடுத்தீங்க?"

"நீங்க சொன்னதத்தான். என்ட பெட்டியில அண்ணன்ட கதைய எடுத்துட்டன். எடு எண்டதில அமத்தினன். அதுக்கு முதல் ஒருக்காவும் அமத்தினதில்ல. அது போனா என்ன, மத்தப் பெட்டியளுக்குள்ள இரிக்குந்தானே?"

மூன்றாவது பொத்தானில் என்ன எழுதியிருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரிக்குந்தானே புள்ள?"

"ஓம்கா. இரிக்கு" என்றேன்.

அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானாவைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் வந்தார். கடைப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மற்றவர்களின் கதைகள் வரிசையாக இருந்தன. அந்த ஒன்று இல்லை.

"நான் அப்பிடித்தான் கட்டி வெச்சிரிக்கன் தங்கச்சி" என்றார் நானா. குரல் இறங்கியிருந்தது. "ஒண்டுல போட்டா எல்லாத்துலயும் போகும். ஒண்டுல எடுத்தா எல்லாத்துலயும் எடுபடும். இடம் நெறஞ்சிடுமெண்டு பாத்தன்."

"ஒண்டத் தூக்கினா மிச்சத்துல இரிக்குமெண்டு சொன்னீங்களே நானா!"

"தூக்கினா இரிக்கும். எடுத்தா இரிக்காது."

அவர் மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தார். நான்கு பதில் சொல்லின, அவற்றிலும் அது இல்லை. ஐந்தாவது, கரடியனாற்றுப் பெட்டி, பதில் சொல்லவில்லை. நேற்று மத்தியானத்தில் இருந்தே அது பேசவில்லை என்று காட்டியது.

"இடிக்குக் கழட்டி வெச்சிரிக்கா!" என்று நானா எழுந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ். எடுத்த செய்தி அதுக்குப் போய்ச் சேரல்ல. அதக் கரண்டுல கொளுவாம அப்பிடியே தூக்கிட்டு வந்தமெண்டா கதை அதுக்குள்ள இரிக்கும்."

எங்கள் மாவட்டத்தில் தூரத்தில் இடி முழங்கினாலே டிவி வயரைக் கழற்றிவிடுவோம். கரடியனாற்றில் பெட்டியை வைத்திருந்த தங்கச்சிக்கு அதற்கு மேலும் காரணம் இருந்தது. அவளுடைய மாமனார் வட்டைக்குள் நின்றபோது, திறந்த வயல்வெளியில் இடி விழுந்து செத்தவர். அது தெரிந்திருந்தும் நான் அவளை இரண்டு தரம் ஏசியிருக்கிறேன். "நீ கழட்டி வெச்சா எங்களுக்கு எதுக்கு அந்தப் பெட்டி? வேற வீட்டில குடுத்துடுறன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். காணாமல்போன கணவனின் கதையை அந்தப் பெட்டியில் வைத்திருக்கிறவளிடம் சொன்னேன்.

இப்போது அவள் கழற்றியதற்குக் கோவில் கட்டிக் கும்பிடலாம் போல இருந்தது. அவளுக்குப் போன் அடித்தேன், போன் வேலை செய்யவில்லை. அந்தப் பக்கத்தில் அடிக்கடி அப்படித்தான். நான்கு தரம் முயன்றேன். பிறகு நான் ஸ்கூட்டியிலும் நானா தன் மோட்டார் சைக்கிளிலுமாகப் பதுளை வீதியில் பறந்தோம். மழை கழுவிய வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாகக் கிடந்தன. நான் ஸ்கூட்டியில் இருந்து தெய்வங்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏசவும் செய்தேன்.

அவள் கடப்படியிலேயே நின்றாள். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. போனத் திறந்தா உங்கட நாலு மிஸ்ட் கோல் கிடந்திச்சு. பெட்டி கழண்டு கிடக்கெண்டுதான் ஏசக் கூப்பிடுறீங்களெண்டு விளங்கிட்டு. உடனே கொளுவிட்டன். பாருங்க, லைட்டெல்லாம் நல்லாப் பத்துது."

நானா செருப்போடு வீட்டுக்குள் ஓடி வயரைப் பிடுங்கினார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிலத்தில் இருந்தார். பச்சை வெளிச்சம் எரிய ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. எடுத்த செய்தி போய்ச் சேர ஒரு நிமிடமே போதும்.

"நான் ஏதும் பிழை செஞ்சிட்டனாக்கா?" என்று அவள் கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இல்லடி தங்கச்சி. நீ சரியாத்தான் செஞ்ச" என்றேன். என் வாழ்க்கையில் நான் ஏசாமல் விட்ட இடம் அது ஒன்றுதான். அந்தப் பொறுமை ஆறு மாதம் முந்தி வந்திருக்க வேண்டும்.

நானா பெட்டியை ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் நான்கு நாள் உட்கார்ந்தார். துடைத்ததற்கு அடியில் ஏதும் மிஞ்சியிருக்குமா என்று தோண்டினார். தாய்மார் எப்போதோ வேண்டாமென்று எடுத்த குப்பைகள் வந்தன. ஒரு கோழி கூவியது. யாரோ உரலில் இடிப்பது கேட்டது. இறால்காரரின் ஒரு இருமல்கூட வரவில்லை.

அதன் பிறகு மூன்று கிழமை நான் பொய் சொன்னேன். அக்கா வரும்போதெல்லாம் கேட்பார், "இரிக்குதானே புள்ள?" நான், "ஓம்கா, பத்திரமா இரிக்கு" என்பேன். ஒரு நாள் என் குரல் என் காதிலேயே விழுந்தது. அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்து, கண்ணைப் பார்க்காமல், "பைல் இரிக்கம்மா, விசாரிக்கிறம்" என்று சொல்கிறவர்களின் குரல். எத்தனை வருடம் அவர்களை நாய் பேய் என்று ஏசியிருக்கிறேன். அந்தக் குரல் வருவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒரு தாயின் முகத்தைப் பார்க்கப் பயந்தால் போதும்.

மகனைக் கொண்டுபோன நாள் வரப்போவதாகவும், அன்றைக்கு ஒருக்காக் கேட்க வேண்டும் என்றும் அக்கா சொல்லி அனுப்பினார். முதல் நாளே நான் கடையைப் பூட்டிவிட்டுப் பாதையில் வாவியைக் கடந்து போனேன்.

குசினி வாசலில் இருந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சிப், பொத்தான், கரடியனாறு, மூன்று கிழமைப் பொய்.  முடிந்த பிறகு அக்கா சுவரில் தொங்கிய ஒரு பையைப் பார்த்தார். அதற்குள்தான் அந்தச் செருப்பு.

"அவங்க வந்து தேடினாங்க. அவங்களுக்கு ஏலாமப் போச்சு" என்றார் மெதுவாக. "அப்ப அவங்களுக்கு ஏலாமப் போனத, என்ட கையால நானே செஞ்சிட்டனா?"

"இல்லக்கா. நான்தான். நான்தான் அப்படிச் சொன்னன்."

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அழவும் இல்லை. என்னை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிமிர்ந்து இருந்துகொண்டு, "உங்கட போன வையுங்க" என்றார். "எனக்கு எல்லாம் பாடம். அவர் சொன்ன மாதிரியே சொல்றன். பிடியுங்க."

போனைப் பாய் மேல் வைத்து ஓடவிட்டேன். அக்கா சொல்லத் தொடங்கினார். சொல்லுக்குச் சொல் அதே. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார். இருமிய இடத்தில் இருமினார். துறையடி, வான், செருப்பில்லாத கால். "மாமா, அம்மாட்டச் சொல்லுங்க." தலையை அமுக்கிய கை. ஒரு தாய் இன்னொருவரின் குரலில் சொல்வதற்கு எந்த விசாரணையிலும் ஒரு சதப் பெறுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். என் தொழிலே அது, கொப்பிக்குக் கொப்பி. ஆனாலும் நான் மனதுக்குள், சொல்லுங்க அக்கா, சொல்லுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"முன்னுக்கு இருந்தவன எனக்குத் தெரியும்" என்றார் அக்கா, அந்த மனிதரின் குரலில். "மீன் வாங்க வாறவன். அவன்ட பேரு..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணை மூடி, திரும்பவும் முதலில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றார்.

நேரில் ஒரே ஒரு தரம் கேட்டதோடு சரி, பெட்டியில் அந்த இடத்துக்கு அப்பால் அவர் ஓடவிட்டதே இல்லை. அந்த இடத்தில் நான் மிஷினை ஓடவிட்டேன். நானா காதே கொடுக்கவில்லை. சொன்ன மனிதர் மண்ணுக்குள் போய்விட்டார்.

"நீங்களும் கேட்டீங்கதானே புள்ள?" என்று அக்கா என் கையைப் பிடித்தார். "உங்களுக்குப் படிப்பிரிக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பேரச் சொல்லுங்க."

போன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர் கேட்டது இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருந்த நான்கு நிமிடம் இருக்கிறது. வெளியே கோழிகள் கொத்துகிற சத்தம் இருக்கிறது. நான் அதை எந்தப் பெட்டியிலும் போடவில்லை. எடுக்கவும் இல்லை.